பில் கேட்ஸ் காசைக் கொட்டினார், கூகுள் காசைத் திருப்பிக் கொடுத்தது: டிவி கேம் பெட்டிக்குள் நடந்த கூத்து தெரியுமா?

கேசட்டை உருவி, வாயால் ஒரு ஊது ஊதி, மறுபடி செருகி மரியோவைக் குதிக்கவிட்ட தலைமுறையா நீங்கள்? கன்சோல் என்ற அந்தச் சின்னப் பெட்டிக்காக உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டின, ஒன்றையொன்று கவிழ்த்தன, சில கம்பெனிகள் கடையையே மூடின. தெரியுமா?

'ஆப்பிள் கன்சோல் கொண்டுவரப் போகிறதாம்', 'அமேசான் இறங்கப் போகிறதாம்' என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பேச்சு கிளம்பும். வருவார்களா மாட்டார்களா என்று பந்தயம் கட்டும் முன்னால், ஏற்கெனவே வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுவோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

1. முதல் கன்சோலுக்கு வாயே கிடையாது!

உலகின் முதல் வீட்டு கேம் கன்சோலை விற்றது கேம் கம்பெனி இல்லை, டிவி கம்பெனி! மேக்னவாக்ஸ் 1972-ல் கொண்டுவந்த ஒடிஸி அது. கண்டுபிடித்த ரால்ஃப் பேர் வேலை பார்த்ததோ ராணுவத்துக்கு மின்னணுக் கருவி செய்துகொடுத்த சாண்டர்ஸ் கம்பெனியில்! ஒடிஸியில் சத்தம் வராது. கலர் வராது. திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும், அவ்வளவுதான். டென்னிஸ் மைதானம் வேண்டுமா? மைதானம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை டிவி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும்! பெட்டியோடு தாயக்கட்டை, சீட்டு, விளையாட்டுப் பணம் எல்லாம் கொடுத்தார்கள். புள்ளிக் கணக்கை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

2. கேசட் மாற்றும் வித்தையைத் தந்தது சிப் கம்பெனி!

ஒரே பெட்டி, கேசட்டை மாற்றினால் புதுப்புது விளையாட்டு. இன்று சாதாரணம். இந்த வித்தையைக் கன்சோலில் முதலில் கொண்டுவந்தது எது தெரியுமா? ஃபேர்சைல்டு! இன்டெல்லைத் தொடங்கிய ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் முன்பு வேலை பார்த்த அதே சிப் கம்பெனிதான். 1976-ல் சேனல் எஃப் என்ற கன்சோலை விட்டது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர். முதலில் கடைக்குக் கொண்டுவந்தது அவர்கள். அதை வைத்துக் கொடிகட்டிப் பறந்தது, அடுத்த ஆண்டே வந்த அடாரியின் கன்சோல்! முதலில் வந்தவன் ஜெயிப்பதில்லை என்ற பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

3. சீட்டுக்கட்டுக் கம்பெனி ராஜாவான கதை!

இந்தத் தொழிலில் இன்றும் அசைக்க முடியாத நின்டெண்டோ எப்போது பிறந்தது? 1889! ஜப்பானின் கியோட்டோ நகரத்தில், பூப்போட்ட ஹனஃபுடா சீட்டுகள் தயாரிக்கும் கடையாக! கம்ப்யூட்டர், டிவி எதுவும் பிறக்காத காலம். கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மூன்றின் வயதையும் கூட்டினாலும் நின்டெண்டோவின் வயதை எட்டாதே! அதற்கு நன்றாகக் கைவந்தது ஒரே தொழில்தான்: மனிதர்களை விளையாட வைப்பது. இதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

4. பாலைவனத்தில் புதைத்த கேசட்டுகள்!

1983-ல் அமெரிக்கக் கேம் சந்தை சீட்டுக்கட்டு வீடு போலச் சரிந்தது. சுமார் 320 கோடி டாலர் வியாபாரம் 1985-க்குள் ஏறக்குறைய 10 கோடிக்கு வந்து நின்றது! கண்டவரெல்லாம் கேம் போட்டு, குப்பை குப்பையாகக் கடைகளை நிரப்பியதன் பலன். விற்காத ஈ.டி. என்ற கேமின் கேசட்டுகளை அடாரி நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பைக் கிடங்கில் கொட்டி மூடியது. கட்டுக்கதை என்று பல வருடம் சிரித்தார்கள். 2014-ல் தோண்டினால், கேசட்டுகள் அப்படியே வந்தன! தோண்டியதைப் படம் பிடிக்கச் செலவழித்தது யார் தெரியுமா? எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட்! செத்துப்போன கன்சோல் கம்பெனியின் எலும்பைத் தோண்டியெடுத்தது, உயிரோடிருக்கும் கன்சோல் கம்பெனி!

5. நிச்சயதார்த்தம் முறிந்து பிறந்த பிள்ளை!

இப்போது சொல்லப்போவதுதான் இந்தத் தொழிலின் மகாபாரதம். சோனியில் கென் குட்டராகி என்று ஒரு பொறியாளர். மகள் நின்டெண்டோ பெட்டியில் விளையாடுவதைப் பார்த்தார், அதன் சத்தம் சகிக்கவில்லை. மேலதிகாரிகளுக்குத் தெரியாமலேயே வேறு கம்பெனியான நின்டெண்டோவுக்கு ஒலிச் சிப் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்துவிட்டார்! விஷயம் தெரிந்ததும் வேலை போகிற நிலை. தலைவர் நோரியோ ஓகா காப்பாற்றினார்.

பிறகு இரண்டு கம்பெனிகளும் கைகோத்து, சி.டி. போடும் கன்சோல் ஒன்றைத் திட்டமிட்டன. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதைப் பெருமையாக அறிவித்தது. மறுநாள் காலை நின்டெண்டோ மேடையேறி என்ன சொன்னது தெரியுமா? எங்கள் கூட்டாளி சோனி இல்லை, ஃபிலிப்ஸ்! முகூர்த்தப் பந்தலில் மாப்பிள்ளை மாறியது போல!

அவமானப்பட்ட சோனி சும்மா இருக்குமா? தனியாகவே களத்தில் இறங்கியது. 1994 டிசம்பர் 3-ம் தேதி ஜப்பானில் பிறந்தது ப்ளேஸ்டேஷன். 10 கோடிக்கும் மேல் விற்ற முதல் வீட்டுக் கன்சோல்! முறிந்த கூட்டணியில் செய்த மாதிரிப் பெட்டி ஒன்று 2020-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 3,60,000 டாலர்!

மாப்பிள்ளையாக வந்த ஃபிலிப்ஸ்? நின்டெண்டோவின் மரியோவையும் செல்டாவையும் வைத்து சிடி-ஐ பெட்டிக்குக் கேம் போடும் உரிமை கிடைத்தது. வந்த கேம்களைப் பார்த்து ரசிகர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

6. உலகத்திலேயே சின்ன மேடைப்பேச்சு!

1995, லாஸ் ஏஞ்சல்ஸ் கேம் கண்காட்சி. சேகா தன் சாட்டர்ன் கன்சோலை 399 டாலர் என்று அறிவித்து, இன்றே கடையில் கிடைக்கும் என்று வெடி வெடித்தது. அடுத்து சோனியின் முறை. ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார். "299" என்றார். இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்! அரங்கம் அதிர்ந்தது. ஒரே ஒரு எண்ணில் ஒரு யுத்தம் முடிந்தது!

7. கன்சோல் காப்பி மெஷினான விந்தை!

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனர் ட்ரிப் ஹாக்கின்ஸ் ஒரு புது யோசனை சொன்னார். பெட்டியை நாம் செய்ய வேண்டாம், வடிவமைப்பை மட்டும் கொடுப்போம், பானாசோனிக்கும் கோல்டுஸ்டாரும் செய்து விற்கட்டும் என்று. கோல்டுஸ்டார் என்பது வேறு யாருமில்லை, இன்றைய எல்.ஜி.! 1993-ல் பானாசோனிக் விட்ட 3டிஓ பெட்டியின் விலை ஏறத்தாழ 700 டாலர். பெட்டி செய்கிறவருக்குக் கேம் விற்பனையில் பங்கில்லை. அப்படியானால் லாபத்தைப் பெட்டியின் மேலேயே ஏற்றித்தானே ஆக வேண்டும்? அந்த விலையிலேயே படுத்துவிட்டது.

அடுத்த தலைமுறைக்கான எம்2 தொழில்நுட்பத்தை பானாசோனிக்கின் தாய்க் கம்பெனி 10 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. கன்சோலாக அது கடைக்கு வரவே இல்லை. கடைசியில் எங்கே போனது தெரியுமா? ஜப்பானில் காப்பி விற்கும் தானியங்கி இயந்திரங்களுக்குள்!

8. ஜாகுவாரின் பல் பிடுங்கிய கதை!

அடாரியின் கடைசிக் கன்சோல் ஜாகுவார், 1993. அதைத் தயாரித்துக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது ஐ.பி.எம்.! ஆமாம், அலுவலகக் கம்ப்யூட்டர் ஜாம்பவான் ஐ.பி.எம்.தான். ஒப்பந்தத்தின் மதிப்பாகச் சொன்னது 50 கோடி டாலர். விற்றதோ இரண்டரை லட்சம் பெட்டிகூட இல்லை. பிறகு அந்தப் பெட்டியை வார்க்கும் அச்சை விலைக்கு வாங்கியது யார்? பல் மருத்துவர்களுக்குக் கேமரா செய்யும் ஒரு கம்பெனி! ஜாகுவார் தோற்றத்தில் பல் பார்க்கும் கருவி!

9. ஆப்பிளும் கன்சோல் விற்றது, தெரியுமா?

ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளைத் தொடங்கும் முன் எங்கே வேலை பார்த்தார்? அடாரியில்! 1974-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். ஆனால் அவர் ஆப்பிளில் இல்லாத காலத்தில்தான் அந்தக் கம்பெனி கன்சோலில் கைவைத்தது. பொம்மைக் கம்பெனி பண்டாயோடு சேர்ந்து 1996-ல் பிப்பின் என்ற பெட்டி. பிப்பின் என்பது ஒரு வகை ஆப்பிள் பழத்தின் பெயர். கன்சோல் மாதிரியும் இருக்கும், கம்ப்யூட்டர் மாதிரியும் இருக்கும், இன்டர்நெட்டும் வரும். விலை 599 டாலர். அதே ஆண்டு நின்டெண்டோ 64 பெட்டி 199 டாலருக்குக் கிடைத்தது! பிப்பின் விற்றது சுமார் 42,000 மட்டும். 1997-ல் ஜாப்ஸ் திரும்பி வந்தார், அந்தக் கதையும் முடிந்தது.

10. எக்ஸ்பாக்ஸின் நாயகனை அறிமுகப்படுத்தியது ஸ்டீவ் ஜாப்ஸ்!

நம்ப முடிகிறதா? ஹேலோ என்றாலே எக்ஸ்பாக்ஸ். ஆனால் அந்த கேமை உலகத்துக்கு முதலில் காட்டியது 1999 ஜூலையில் மேக்வேர்ல்டு மேடையில், ஜாப்ஸ்! ஒரே வருடத்தில் அதைச் செய்த பஞ்சி கம்பெனியை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிவிட்டது. ஜாப்ஸ் கொதித்துப்போனார். இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டி தயாராகும் முன் கேம் செய்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் எந்தக் கம்ப்யூட்டரைக் கொடுத்தது? ஆப்பிளின் பவர் மேக் ஜி5! இரண்டிலும் ஒரே குடும்பத்துச் சிப்.

11. ஒரு மணி நேரம் சிரித்த நின்டெண்டோ!

மைக்ரோசாஃப்ட் ஏன் கேமில் இறங்கியது? ஆசையால் இல்லை, பயத்தால்! ப்ளேஸ்டேஷன் 2 வரப்போவதாகச் செய்தி வந்தது. டி.வி.டி. போடும், நாளைக்கு இன்டர்நெட்டும் போடும், வீட்டு ஹாலில் சோனி உட்கார்ந்துவிட்டால் கம்ப்யூட்டரை யார் வாங்குவார்கள் என்ற கவலை. நான்கு பேர் டெல் லேப்டாப்புகளைப் பிரித்துப்போட்டு ஒரு மாதிரிப் பெட்டி செய்தார்கள். டைரக்ட்எக்ஸ் என்ற மென்பொருளின் பெயரிலிருந்து வந்ததுதான் எக்ஸ்பாக்ஸ்!

2000 பிப்ரவரி 14, காதலர் தினம். திட்டத்தில் விண்டோஸ் இல்லை என்று தெரிந்து பில் கேட்ஸ் சீறினார். பல மணி நேரச் சண்டை. அப்போது ஒருவர் கேட்டார்: சோனியை என்ன செய்வது? அறை அமைதியானது. அனுமதி கிடைத்தது!

நாமே ஏன் செய்ய வேண்டும், நின்டெண்டோவையே வாங்கிவிடலாமே என்றும் போய்ப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது என்று அந்தக் குழுவின் கெவின் பேக்கஸ் பிற்பாடு சொன்னார். சீட்டுக்கட்டுக் கம்பெனி சிரித்த சிரிப்பு!

இன்னும் கேளுங்கள். உள்ளே ஏ.எம்.டி. சிப் என்று கடைசி வரை பேச்சு. கேட்ஸ் மேடையில் அறிவித்தபோது அது இன்டெல்லாக மாறியிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த ஏ.எம்.டி. பொறியாளர்கள்! 20 வருடத்துக்கும் மேல் கழித்து எக்ஸ்பாக்ஸ் கர்த்தாக்களில் ஒருவரான சீமஸ் பிளாக்லி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

12. பெட்டி விற்றால் நஷ்டம்!

2001 நவம்பர் 15-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் 2.4 கோடி விற்றது. ப்ளேஸ்டேஷன் 2 விற்றது 16 கோடி! மைக்ரோசாஃப்ட்டுக்கு அந்தச் சுற்றில் நஷ்டம் சுமார் 400 கோடி டாலர். அடுத்த எக்ஸ்பாக்ஸ் 360-ல் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி செத்துப்போகும் கோளாறு. இலவசமாகச் சரிசெய்து தர 2007-ல் ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்!

ஏன் இந்தப் பாடு? பிரின்டரை மலிவாகத் தந்து இங்க்கில் காசு பார்க்கிறார்களே, அதே சூத்திரம். 60 ஜி.பி. ப்ளேஸ்டேஷன் 3 கடையில் 599 டாலர். பிரித்துப்போட்டு ஐசப்ளை நிறுவனம் போட்ட கணக்கில் அதைச் செய்யும் செலவு சுமார் 840 டாலர்! ஒவ்வொரு பெட்டிக்கும் 240 டாலர் கையை விட்டுப் போகும். விற்கும் ஒவ்வொரு கேமிலும் கமிஷன் எடுத்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டும். பெட்டி நிறைய விற்றால்தான் கேம் வரும், கேம் நிறைய வந்தால்தான் பெட்டி விற்கும். முட்டையா கோழியா! எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்று லாபம் பார்த்ததே இல்லை என்று 2021-ல் மைக்ரோசாஃப்ட் அதிகாரியே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்!

13. கேம் மாற்ற பேட்டரியைக் கழற்று!

செல்போன் உலகின் சக்கரவர்த்தியாக நோக்கியா இருந்த காலம். 2003 அக்டோபரில் என்-கேஜ் என்று போனும் கேமும் கலந்த ஒரு கருவியை விட்டது. கேமை மாற்ற வேண்டுமா? பின்மூடியைத் திற, பேட்டரியைக் கழற்று, பிறகு அட்டையை மாற்று! போன் பேச வேண்டுமா? கருவியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும், பார்ப்பவர்களுக்கு யானைக் காது முளைத்த மாதிரி இருக்கும்! விலை 299 டாலர். பக்கத்துக் கடையில் நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி 100 டாலருக்குள். முடிவைச் சொல்லவும் வேண்டுமா?

14. என்விடியாவைக் காப்பாற்றியது ஒரு கேம் கம்பெனி!

இன்று ஏ.ஐ. என்றால் என்விடியா. 2025 ஜூலையில் 4 லட்சம் கோடி டாலர் மதிப்பை உலகில் முதலில் தொட்ட கம்பெனி. 1990-களின் நடுவில் அதன் கதி தெரியுமா? சேகாவின் கன்சோலுக்கு கிராஃபிக்ஸ் சிப் செய்துதர ஒப்புக்கொண்டது, எடுத்த வழி தப்பு என்று பாதியில் தெரிந்தது. தலைவர் ஜென்சன் ஹுவாங் சேகாவிடமே போய், எங்கள் சிப் வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள், ஆனால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் காலி என்றார்! சேகா அதிகாரி இரிமாஜிரி மனமிரங்கினார். 50 லட்சம் டாலர் போட்டார். என்விடியாவுக்கு ஆறு மாத உயிர் கிடைத்தது. சேகா? 2001-ல் கன்சோல் தொழிலையே விட்டுவிட்டது! கைகொடுத்தவர் கரையேறவில்லை, கைபிடித்தவர் இமயம் ஏறிவிட்டார்.

15. எல்லாப் பெட்டிக்குள்ளும் அவர்கள்தான்!

பெரிய கம்பெனிகள் கன்சோலுக்கு வருமா என்று கேட்கிறோமே, உள்ளே திறந்து பார்த்தோமா? நின்டெண்டோவின் வீ, ப்ளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றும் பரம எதிரிகள். மூன்றின் மூளையிலும் ஐ.பி.எம். கைவண்ணம்! இன்றைய ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் ஏ.எம்.டி. மேடையில் கடைசி நிமிடத்தில் கழற்றிவிடப்பட்டதே, அதே ஏ.எம்.டி.! நின்டெண்டோ ஸ்விட்சில் என்விடியா. யார் ஜெயித்தாலும் சிப் கடைக்காரருக்குக் கல்லா நிறையும். அந்தச் சிப்களுக்கு எவ்வளவு பலம் தெரியுமா? 2010-ல் அமெரிக்க விமானப் படை 1,700-க்கும் மேற்பட்ட ப்ளேஸ்டேஷன் 3 பெட்டிகளை ஒன்றாகக் கோத்து சூப்பர் கம்ப்யூட்டரே செய்தது என்றால் பாருங்களேன்!

16. பெட்டியே இல்லாத கன்சோல்!

2019 மார்ச் 19, சான் ஃபிரான்சிஸ்கோ கேம் மாநாடு. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை மேடையில். கூகுளின் ஸ்டேடியா அறிமுகம்! பெட்டி வேண்டாம், டிஸ்க் வேண்டாம், டவுன்லோடு வேண்டாம். கேம் ஓடுவது எங்கேயோ உள்ள கூகுளின் டேட்டா சென்டரில், படம் மட்டும் உங்கள் டிவிக்கு வரும். கன்ட்ரோலரில் நீங்கள் அழுத்தும் பொத்தான் வைஃபை வழியாக நேரே அந்த சென்டருக்கு ஓடும். மந்திரம் மாதிரி!

பொறுப்பேற்றவர் ஃபில் ஹாரிசன். முன்பு சோனியில் ப்ளேஸ்டேஷன், பிறகு மைக்ரோசாஃப்ட்டில் எக்ஸ்பாக்ஸ், இப்போது கூகுள். மூன்று வீட்டுச் சாப்பாடும் ருசித்தவர். அதே மாநாட்டில் கூகுள் தன் அரங்கில் என்னென்ன பழைய பொருள்களைக் காட்சிக்கு வைத்தது தெரியுமா? சேகாவின் ட்ரீம்காஸ்ட், பவர் க்ளவ் கையுறை, ஈ.டி. கேசட்! மூன்றும் தோல்வி என்று பேர் வாங்கியவை! சகுனம் பார்க்கும் வழக்கமில்லை போலும்.

2019 நவம்பர் 19-ல் 14 நாடுகளில் தொடக்கம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை, கடைசி வரை சேரவும் இல்லை. தொழில்நுட்பம் வேலை செய்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதச் சந்தா ஒரு பக்கம், கேமை முழு விலைக்கு வாங்குவது ஒரு பக்கம். வாங்கிய கேம் கையில் இல்லை, கூகுளின் வீட்டில் இருக்கிறது. அவர்கள் மூடிவிட்டால் என்ன ஆகும் என்று ஜனங்கள் முதல் நாளே கேட்டார்கள்.

பெரிய கேம் ஒன்று செய்ய நான்கைந்து வருடம் ஆகும். கூகுளோ சொந்த ஸ்டூடியோக்களை அறிவித்து இரண்டு வருடம் முடியும் முன்பே, 2021 பிப்ரவரியில், இழுத்து மூடியது. விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறி முளைத்ததா என்று பார்த்த கதை! 2023 ஜனவரி 18-ல் ஸ்டேடியாவுக்கே மங்களம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தன் கடையில் வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் கூகுள் காசைத் திருப்பிக் கொடுத்தது! போகிற போக்கில், உள்ளுக்குள் சோதனைக்கு வைத்திருந்த குட்டிப் புழு விளையாட்டு ஒன்றையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கன்ட்ரோலரில் பூட்டி வைத்திருந்த புளூடூத்தையும் அவிழ்த்துவிட்டது. இவ்வளவு மரியாதையாக யாரும் தோற்றதில்லை!

17. வெளியிட்ட கேமை வாபஸ் வாங்கிய அமேசான்!

விளையாடுவதை வேடிக்கை பார்க்கும் ட்விட்ச் தளத்தை 2014-ல் 97 கோடி டாலருக்கு வாங்கியது அமேசான். அதே ஆண்டு வந்த ஃபயர் டிவிக்குத் தனியாக ஒரு கேம் கன்ட்ரோலரையும் விற்றது. கேம் செய்யவும் இறங்கியது. 2020 மே மாதம் வந்த க்ரூசிபிள் கேமுக்கு ஆளே சேரவில்லை. ஒன்றரை மாதத்துக்குள் வாபஸ், அக்டோபரில் முற்றுப்புள்ளி! லூனா என்ற கிளவுடு கேம் சேவையை விடாமல் வைத்திருக்கிறது.

18. தடை போட்ட நாட்டில் கூட்டணி போட்ட நின்டெண்டோ!

சீனாவில் 2000-ம் ஆண்டிலிருந்து சுமார் 14 வருடம் கன்சோல் விற்கத் தடை இருந்தது, தெரியுமா? அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரிலும் போனிலும் கேம் விற்று மலையாக வளர்ந்தது டென்சென்ட். 2019 டிசம்பரில் ஸ்விட்ச் சீனாவுக்குள் போனபோது, யாரையும் பார்த்துச் சிரிக்கும் நின்டெண்டோ, இந்த டென்சென்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனது!

19. தலையில் மாட்டும் கன்சோல்!

ஃபேஸ்புக் 2014-ல் ஆக்யுலஸை 200 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று மெட்டா என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனியின் க்வெஸ்ட் கருவி என்ன? தலையில் மாட்டிக்கொள்ளும் கன்சோல்தானே! அந்தக் கருவியைச் செய்யும் பிரிவுக்கு 2024-ல் மட்டும் நஷ்டம் சுமார் 1,770 கோடி டாலர்! ஒரே வருடத்தில்! ஆனாலும் விடவில்லை. பிடிவாதமா, பைத்தியமா என்று காலம் சொல்லும்.

20. பெட்டி விற்காமலே அதிக லாபம்!

இதுதான் உச்சம்! 2019 நிதியாண்டில் கேம் வழியே ஆப்பிள் பார்த்த லாபம் 850 கோடி டாலர் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2021-ல் ஒரு கணக்குப் போட்டது. சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் நான்கும் கேமில் பார்த்த லாபத்தைக் கூட்டினாலும் அதைவிடக் குறைவு! கணக்குத் தப்பு என்று ஆப்பிள் மறுத்தது. ஆனால் பாதியாகவே வைத்துக்கொள்ளுங்களேன். கன்சோல் என்று ஒன்று விற்காமல், அப்போது கேம் ஸ்டூடியோ ஒன்றுகூட வைக்காமல், ஆப் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து கமிஷன் வாங்கியே இவ்வளவு! பிப்பினில் கைசுட்ட கம்பெனி, ஐபோனில் சந்தையையே மடியில் போட்டுக்கொண்டது.

21. எதிரி வீட்டுக்கு விருந்து போகும் ஹேலோ!

மைக்ரோசாஃப்ட் 2023-ல் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. கேம் துறை அதுவரை காணாத தொகை! அப்புறமாவது எக்ஸ்பாக்ஸ் ராஜாவாகும் என்று பார்த்தால், 2025 அக்டோபரில் வந்தது ஓர் அறிவிப்பு. ஹேலோ ப்ளேஸ்டேஷனுக்கும் வரப்போகிறது! ஜாப்ஸிடமிருந்து பறித்து, எக்ஸ்பாக்ஸின் கிரீடமாக வைத்த அதே ஹேலோ, எந்தச் சோனிக்குப் பயந்து எக்ஸ்பாக்ஸ் பிறந்ததோ அந்தச் சோனியின் பெட்டியில்! அடுத்த மாதமே வால்வ் கம்பெனி டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் ஸ்டீம் மெஷினை அறிவித்தது. 2015-லும் அதே பெயரில் முயன்று தோற்றவர்கள்தான்! வால்வின் தலைவர் கேப் நியூவெல் முன்பு வேலை பார்த்தது எங்கே? மைக்ரோசாஃப்ட்டில்!

சரி, பெரிய கம்பெனிகள் வருமா வராதா?

வந்தாயிற்று! சிப்பாக வந்தாயிற்று, போனாக வந்தாயிற்று, டேட்டா சென்டராக வந்தாயிற்று. ஆனால் பெட்டியாக வந்த பெரிய கம்பெனிகளில் நிலைத்தது சோனியும் மைக்ரோசாஃப்ட்டும்தான். சோனிக்கு ரோஷம் இருந்தது, மைக்ரோசாஃப்ட்டுக்கு நஷ்டத்தைத் தாங்கும் மடி இருந்தது, இரண்டுக்கும் ஜனங்கள் கேட்டு வாங்கும் கேம் இருந்தது. மற்றவர்களுக்குக் கன்சோல் ஒரு சாக்கு. வீட்டு ஹாலுக்குள் நுழைய, சந்தா பிடிக்க, போன் விற்க ஒரு வழி. விளையாடுகிறவன் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறான். விளையாட்டையே தொழிலாக நினைத்த சீட்டுக்கட்டுக் கம்பெனி மட்டும் 130 வருடம் தாண்டியும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே வாசகரே, நாளைக்கு ஏதோ ஒரு பெரிய கம்பெனி புதுக் கன்சோல் என்று மேடையேறினால், எத்தனை ஜி.பி., எத்தனை கோர் என்று கேட்டு மயங்காதீர்கள். மூன்று கேள்வி போதும். வேறு எங்கும் கிடைக்காத என்ன கேம் இருக்கிறது? வாங்கிய கேம் என் கையில் இருக்குமா, உங்கள் வீட்டில் இருக்குமா? ஐந்து வருடம் கழித்தும் கடை திறந்திருக்குமா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மட்டும் பர்ஸைத் திறங்கள். அதுவரை பரணில் இருக்கும் பழைய பெட்டியை இறக்கித் தூசி தட்டுங்கள். அதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். கேசட்டைச் செருகினால் மரியோ இன்றும் குதிப்பார்!